தேன்மெழுகு இல்லாத லிப்ஸ்டிக் நம்ம ஊர் வெயிலைத் தாங்குமா?

ஈசூன்_கயல்:
வணக்கம். சிங்கப்பூரில் என் வீட்டில் சின்ன அளவில் லிப்ஸ்டிக் செய்கிறேன். விற்பனை இல்லை, சொந்தபந்தத்துக்கும் கூட வேலை செய்பவர்களுக்கும்தான். தேன்மெழுகு, விளக்கெண்ணெய், கொஞ்சம் ஷியா பட்டர், நிறமி, இவ்வளவுதான் சேர்மானம். நெருங்கிய தோழி ஒருத்தி சமணக் குடும்பம், தேன்கூடத் தொடமாட்டாள். அவளுக்காகத் தேன்மெழுகு இருந்த இடத்தில் அதே எடைக்குக் கேண்டலில்லா மெழுகு போட்டேன். பளபளவென்று அழகாக வந்தது. ஆனால் உதட்டில் இழுக்கிறது, திருகி ஏற்றினால் அடியில் முறிகிறது. கைப்பையில் போட்டுக்கொண்டு மதியம் தேக்கா சந்தைக்குப் போய் வந்தால் குச்சி முழுக்க எண்ணெய் முத்து முத்தாக நிற்கிறது. எந்தத் தாவர மெழுகு சரிப்படும்? தாவரம் என்றாலே பூமிக்கு நல்லது என்கிறார்களே, அதையும் நம்பலாமா?

லேப்_அக்கா:
கயல், நான் பல வருஷம் அழகுசாதனத் தயாரிப்புக்கூடத்தில் லிப்ஸ்டிக் வார்த்தவள். இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேண்டலில்லா மெக்சிகோவின் வடக்கே, சிவாவா பாலைவனத்தில் தானாக வளரும் செடி. அதை வேரோடு பிடுங்கி, கந்தக அமிலம் கலந்த நீரில் கொதிக்கவிட்டு, மேலே நுரைத்து வரும் மெழுகை வழித்தெடுப்பார்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக உடன்படிக்கையான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் இந்தச் செடி இருக்கிறது, அதாவது நாடு விட்டு நாடு போகும் வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மூல மெழுகு வாங்கும்போது அனுமதிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கார்னௌபா என்பது ஒரு வகைப் பனையின் மெழுகு, அதற்கு மரத்தை வெட்டுவதில்லை. வடகிழக்கு பிரேசிலில் பனை ஓலையைக் கழித்துக் காயவைத்து, அதன் மேல் படிந்த பொடியைத் தட்டி எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஓலைக்காடுகளில் தொழிலாளர்களை அடிமைகளைப் போல நடத்தியதை பிரேசில் அரசின் ஆய்வாளர்களே கண்டுபிடித்து மீட்டிருக்கிறார்கள். மரம் பிழைத்தால் போதுமா, ஆள் பிழைக்க வேண்டாமா?

வெறுமனே ‘தாவர மெழுகு’ என்று சீட்டு ஒட்டி வருவதை நான் தொடவே மாட்டேன். அது பாமாயிலை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியதாக இருக்கலாம். 2015 செப்டம்பரில் புகைமூட்டத்துக்காகப் பள்ளிகளையே மூடினார்களே, அந்தப் புகை இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் பாமாயில் போன்ற தோட்டங்களுக்காகக் காட்டையும், மட்கிய செடிகள் தேங்கிய கரிநிலத்தையும் எரித்ததில் வந்தது. அதை மூச்சில் இழுத்த நாம் எந்தத் தோட்டத்து எண்ணெய் என்று கேட்காமல் வாங்கக்கூடாது.

என் தேர்வு அரிசித் தவிட்டு மெழுகும் சூரியகாந்தி மெழுகும். தவிட்டெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் குளிரில் கலங்காமல் இருக்க, ஆலையில் குளிரவைத்து மெழுகைப் பிரித்துவிடுவார்கள். எப்படியும் வெளியே வரும் பொருள், இதற்கென்று தனியாக நிலம் வேண்டாம்.

இனி உங்கள் குச்சிக்கு வருகிறேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், வளைந்து கொடுக்கும். கேண்டலில்லா 70 டிகிரியை ஒட்டி உருகும், கடினமானது, நொறுங்கும். அதே எடை போட்டால் முறியத்தான் செய்யும். ஏறக்குறைய பாதி போதும். கார்னௌபா 82க்கு மேல்தான் இளகும். அது வெயிலுக்குக் காவல், ஆனால் கூடினால் உதட்டில் வழுக்காது.

எண்ணெய் முத்துக்கு வேறு காரணம். மெழுகு ஆறும்போது நுண்ணிய படிகங்களாகி, கொசுவலை மாதிரி பின்னிக்கொண்டு எண்ணெயைப் பிடித்து வைக்கிறது. மெதுவாக ஆறினால் படிகம் பெரிதாகும், கண்ணி அகலும். சூடு ஏறினால் எண்ணெய் விரிந்து அந்த வழியே வெளியே வந்துவிடும். அச்சில் ஊற்றியதும் குளிர்பெட்டியில் வைத்து வேகமாக ஆற்றுங்கள். சூரியகாந்தி மெழுகு மெல்லிய படிகமாகப் படிவதால் கொஞ்சமே போட்டாலும் நிறைய எண்ணெயைப் பிடிக்கும்.

100 கிராமுக்கு இப்படித் தொடங்கிப் பாருங்கள்: தவிட்டு மெழுகு 7, சூரியகாந்தி மெழுகு 5, கார்னௌபா 3, மென்மைக்கு பெர்ரி மெழுகு 3. மீதி விளக்கெண்ணெய், இன்னொரு இலேசான எண்ணெய், நிறமி. மெழுகெல்லாம் தெளியும்வரை, சுமார் 90 டிகிரிக்குச் சூடாக்குங்கள். 80 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் ஊற்றிவிடுங்கள், அச்சையும் இளஞ்சூடாக்கிக்கொள்ளுங்கள். கெட்டியாக இருந்தால் முதலில் கார்னௌபாவைக் குறைங்கள், சூரியகாந்தியில் கை வைக்காதீர்கள்.

பொங்கோல்_ரவி:
அக்கா சொன்னதோடு ஒன்று. சிவப்புக்கு என்ன போடுகிறீர்கள்? கார்மைன் என்றால் அது பூச்சியிலிருந்து எடுப்பது, சீட்டில் சிஐ 75470 என்றிருக்கும். மெழுகை மாற்றியும் உங்கள் தோழிக்கு ஆகாது. இரும்பு ஆக்சைடு சிவப்பு பரவாயில்லை. பின்னால் தீபாவளிச் சந்தையில் கடை போட நினைத்தால், விற்குமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தில் பொருளைத் தெரியப்படுத்த வேண்டும். வீட்டில் செய்து விற்பதற்கும் அதே விதிதான்.

ஈசூன்_கயல்:
ரவி அண்ணா, கார்மைன்தான் போட்டுக்கொண்டிருந்தேன்! உடனே மாற்றுகிறேன். லேப் அக்கா, ஷியாவை வைத்துக்கொள்ளலாமா? சில குச்சியில் மணல்மணலாக வருகிறது. வெயில் தாங்குமா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

லேப்_அக்கா:
ஷியா 5 கிராமுக்கு மேல் வேண்டாம். அதில் உள்ள கொழுப்பு மெதுவாக ஆறும்போதுதான் மணல் தட்டும், வேகமாக ஆற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சோதனைக்கு, நிற்கும்படி ஒரு குச்சியையும் படுக்கவைத்து ஒரு குச்சியையும் 45 டிகிரியில் ஒரு நாள் வையுங்கள். தயிர் உறையவைக்கும் மின்பெட்டி, வெப்பத்தை நாமே அமைக்கிற வகையாக இருந்தால், அதுவே போதும். நின்றது சாய்ந்தால் மெழுகு போதவில்லை. படுத்தது வியர்த்தால் சூரியகாந்தியை அரை கிராம் கூட்டி, அவ்வளவு விளக்கெண்ணெயைக் குறைத்து மறுபடி வார்த்துப் பாருங்கள். எடைக்கு 0.1 கிராம் காட்டும் தராசு கட்டாயம், சமையல் தராசு உதவாது.