8085 கிட்டும் ஒரு டாகுமென்டரியும்

1996ல் அமெரிக்காவின் பிபிஎஸ் சேனலில் மூன்று பாகமாக வந்த ‘ட்ரையம்ப் ஆஃப் த நெர்ட்ஸ்’ டாகுமென்டரியைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பர்சனல் கம்ப்யூட்டர் பிறந்து வளர்ந்த கதை. ராபர்ட் எக்ஸ். கிரிஞ்ச்லி சொல்லிக்கொண்டு போவார். நான் பார்த்தது ரொம்பத் தாமதமாக, யூடியூபில், ஒரு ஞாயிறு மதியம். ஜாப்ஸையும் கேட்ஸையும் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனதில் நின்றது ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர்.

1975 ஜனவரி ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ அட்டைப்படத்தில் வந்த பெட்டி அது. கிட்டாக, அதாவது உதிரி பாகங்களாக வாங்கினால் சுமார் 400 டாலர், சால்டரிங் நம் பொறுப்பு. கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. முகப்பில் வரிசையாக சுவிட்சுகள், அவற்றுக்கு மேலே சிவப்பு எல்இடிகள். மெமரி 256 பைட். நான் இப்போது எழுதிய இந்தப் பத்திகூட அதில் அடங்காது!

பார்த்ததும் பாலிடெக்னிக் லேப் ஞாபகம் வந்துவிட்டது. ஆல்டேரில் இருந்தது இன்டெல் 8080 என்ற ப்ராசஸர் சிப். லேபின் பயிற்சி கிட்டில் நாம் மாரடித்த 8085 அதன் தம்பி. இரண்டே இரண்டு கட்டளைகள்தான் அதிகம், மற்றதெல்லாம் அண்ணன் சொத்து. ‘எம்விஐ ஏ’ (ஏ என்ற ரெஜிஸ்டரில் ஓர் எண்ணைப் போடு) என்ற கட்டளைக்கு நாம் அதன் ஹெக்ஸ் குறியீடான 3இ (3E) என்று இரண்டு பட்டன் தட்டுவோம். ஆல்டேர்காரர் அதையே பைனரியில் 00111110 என்று சுவிட்சில் வைக்க வேண்டும் (0 என்றால் கீழே, 1 என்றால் மேலே): இரண்டு கீழே, ஐந்து மேலே, ஒன்று கீழே. அப்புறம் ‘டெபாசிட்’ சுவிட்சை ஒரு தட்டு. ஒரு பைட் முடிந்தது. அடுத்த பைட்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து.

ஒருமுறை, எண்களை வரிசைப்படுத்தும் சார்ட்டிங் புரோகிராம் முழுவதையும் தட்டி, எக்ஸிகியூட்டில் விரல் வைக்கும்போது கரண்ட் போனது. ராமில் இருந்த அத்தனையும் போச்சு. “திரும்ப அடிங்கடா” என்று சொல்லிவிட்டு சார் டீ குடிக்கப் போய்விட்டார். ஆல்டேரிலும் இதே கதிதான் என்று தெரிந்தபோது ஒரு அற்ப சந்தோஷம்.

பதில்
அண்ணா, அந்தப் பெட்டியை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். கலிபோர்னியா மவுன்டன் வியூவில் இருக்கும் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில். கூட வந்த என் மகள் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஸ்க்ரீன் எங்கப்பா?” என்றாள். இல்லை என்றதும் அடுத்த அறைக்கு ஓடிவிட்டாள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். ஆல்டேரைக் கண்ணால்கூடப் பார்க்காமல், ஹார்வர்டில் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் 8080 மாதிரி நடிக்க வைத்துத்தான் கேட்ஸும் அவர் நண்பர் பால் ஆலனும் அதற்கு பேசிக் என்ற புரோகிராமிங் மொழியை எழுதினார்கள். ஆலன் அதைப் பதிந்த பேப்பர் டேப்போடு, ஆல்டேர் கம்பெனி இருந்த ஆல்புகர்க்கிக்கு விமானம் ஏறினார். அங்கே நிஜ மெஷினில் 2+2 கேட்டதும் 4 என்று வந்தது. கிளையன்ட் டெமோவுக்கு முந்தின ராத்திரி தூங்காதவர்களுக்கு அந்த 4 எவ்வளவு பெரியது என்று புரியும்.

பதில்
டெமோ என்றதும் எனக்கு நினைவு வருவது அந்த டாகுமென்டரியில் வரும் அடீல் கோல்ட்பெர்க்தான். 1979ல் ஜெராக்ஸ் கம்பெனியின் ‘பார்க்’ (PARC) ஆய்வுக்கூடத்தில் ஆப்பிள்காரர்களுக்கு விண்டோ, மவுஸ் எல்லாவற்றையும் காட்டச் சொன்னபோது, கூடாது என்று மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டியவர். உத்தரவு போட்டால்தான் காட்டுவேன் என்றார், போட்டார்கள், காட்டினார். வேண்டாம் என்று நான் சொல்லியும் ஒரு டெமோ காட்ட வைத்து, மூன்று மாதம் கழித்து “ஏன் காட்டினீங்க?” என்று என்னையே கேட்ட மேனேஜர் எனக்கும் வாய்த்தார். அந்தக் காட்சியை மட்டும் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

பதில்
ஆல்டேரைச் செய்த எட் ராபர்ட்ஸை யாருமே சொல்லவில்லையே! கால்குலேட்டர் விலைப்போட்டியில் நொடித்துப்போய், கடைசி முயற்சியாக இதை இறக்கியவர். 1977ல் கம்பெனியை விற்றார், மருத்துவம் படித்தார், ஜார்ஜியாவில் ஒரு சின்ன ஊரில் டாக்டராகவே காலம் தள்ளினார். எனக்கு அந்தப் படத்தில் பிடித்த முகம் அவருடையதுதான்.

பதில்
முதலில் எழுதியவன்தான். லேபில் பழைய சாமான் ஏலம் விட்டபோது அந்த 8085 கிட் ஒன்றை நான் வாங்கிவிட்டேன். பரண்மேல் இருக்கிறது. டிஸ்ப்ளேயில் ஒரு செக்மென்ட் எரியாது, 8 எல்லாம் 6 மாதிரி தெரியும். பவர் சப்ளைதான் போய்விட்டது. 5 வோல்ட் சப்ளை யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், அந்தச் சார்ட்டிங் புரோகிராம் இன்னும் பாக்கி.