புதுப்பிப்பு: பழைய ட்ரூகிரிப்ட் வட்டு திறந்துவிட்டது

எங்கள் கிருஷ்ணகிரி மாந்தோப்புக் கணக்குகளும் அப்பா எடுத்த படங்களும் அடங்கிய, 2012இல் ட்ரூகிரிப்ட் என்ற, வட்டைக் கடவுச்சொல்லால் பூட்டும் பழைய மென்பொருள் கொண்டு பூட்டிய வட்டு, அம்மென்பொருளின் வழிவந்த வெராகிரிப்டைப் புதுப்பித்தபின் சரியான கடவுச்சொல்லையும் ஏற்க மறுக்கிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். வட்டில் பழுதில்லை; ட்ரூகிரிப்ட் வடிவத்துக்கான ஆதரவு வெராகிரிப்டின் 1.26 வரிசையில் நீக்கப்பட்டதே காரணம். அதை ஆதரித்த கடைசிப் பதிப்பான 1.25.9ஐ, புதிய பதிப்பு நிறுவப்படாத வேறொரு மடிக்கணினியில் இறக்கி, கடவுச்சொல்லுக்குக் கீழுள்ள ட்ரூகிரிப்ட் முறைக்கான கட்டத்தில் குறியிட்டு, படிக்க மட்டும் என்ற தெரிவுடன் திறந்தபோது, 'போச்சம்பள்ளிச் சந்தை' என்று அப்பா பெயரிட்ட கோப்புறைதான் முதலில் கண்ணில் பட்டது. சற்று நேரம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இடையில் வட்டை ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அனைத்தையும் புதிய வட்டுக்கு நகலெடுத்துவிட்டேன். ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும்வரை பழையதை அழிக்க மாட்டேன்.