5-வது ஓட்டை வளையுமா, வளையாதா? (மவுத் ஆர்கன் சண்டை)

காசிமேட்டுக் காத்து:
"10 ஓட்டை மவுத் ஆர்கன்ல கமகம் (சுரத்தை வழுக்கி அசைக்கறது) வராது, அது குழந்தைங்க ஊதற பீப்பீ"ன்னு நேத்து ஒருத்தர் எழுதிக்கிறார். இன்னா பேச்சு இது? சி கீயை, அதான் சி சுருதி மவுத் ஆர்கனை எடுத்து, சி-யை ச-ன்னு வெச்சுக்கோங்க. சுரத்துக்குப் பக்கத்துல எண்ணு ஏறினா ஒசந்த வகை. 5-வது ஓட்டையில மூச்சை உள்ள இழுத்தா ம1. அதையே பெண்டு பண்ணி (வாயாலயே சுரத்தை வளைச்சு எறக்கி) க3 வரிக்கும் ஒரே மூச்சுல வழுக்கிக்கினு எறங்கலாம். சங்கராபரணத்துக்கு வேற இன்னா வோணும்?

பெரம்பூர் லோகோ:
பீப்பீன்னு சொன்னது தப்புதான். ஆனா 5 வளையாது.
ஒவ்வொரு ஓட்டைக்கும் ரெண்டு பித்தளை ரீடு (காத்துல அதிர்ற நாக்கு), ஊதறதுக்கு ஒண்ணு, இழுக்கறதுக்கு ஒண்ணு. பெண்டு பண்ணினா உசந்த சுரம் கீழ இறங்கி, தாழ்ந்த ரீடுக்கு அரைச் சுரம் மேலயே நின்னுடும். 3-ல ஊதினா ப, இழுத்தா நி3. நடுவுல நி2, த2, த1 மூணும் கிடைக்கும். 2-ல ஊதினா க3, இழுத்தா ப. நடுவுல ம2, ம1. 5-ல க3-யும் ம1-உம் ஒட்டுச் சுவர் வீடு. நடுவுல யாரும் குடியில்லை. எங்க போய் வழுக்கறது?

காசிமேட்டுக் காத்து:
சுருதி காட்டற ட்யூனர் ஆப்பைப் போடுங்கோ. 5-ஐ இழுத்துக்கினே நாக்கைப் பின்னால வாங்கி, வாயை 'ஈ'லேந்து 'ஊ'வுக்கு மாத்துங்கோ. முள்ளு எறங்குதா இல்லியா? வளையும்.

பெரம்பூர் லோகோ:
முள்ளு கொஞ்சம் இறங்கும். அரைச் சுரம் இறங்காது.

காசிமேட்டுக் காத்து:
எறங்கும்னு ஒத்துக்கினீங்க. டாங்க்ஸ்.

பெரம்பூர் லோகோ:
எதையும் ஒத்துக்கலை. க3 இருக்கறது ஊதற பக்கம். இழுத்துக்கிட்டே ஊத முடியுமா? மூச்சு திரும்பற இடத்துல சத்தம் அறுந்துடும். அதை மறைக்கலாமே தவிர, வழுக்கல்னு பேர் வைக்க முடியாது. இன்னும் பலமா உறிஞ்சினா வரும்னு நினைச்சீங்கன்னா, பெண்டு வராது, ரீடுக்குத்தான் பெண்டு நிமிந்துடும். சுருதி இறங்கி ஒருநாள் வெடிச்சு நிக்கும்.

கொருக்குப்பேட்டைக் கொக்கி:
24 ஓட்டை டிரெமோலோ மவுத் ஆர்கன்ல இதெல்லாம் வருமா?

பெரம்பூர் லோகோ:
வராது. அதுல ஒவ்வொரு ரீடுக்கும் தனி அறை. பெண்டுக்கு ஒரே அறையில ரெண்டு ரீடும் இருக்கணும். மேலயும் கீழயும் இருக்கற ஜோடி ரீடுக்குச் சுருதி துளி வித்தியாசம். அந்த அலைதான் அதோட அழகு, அதோட எல்லையும்.

காசிமேட்டுக் காத்து:
அவுரு பொதுவாத்தானே கேட்டாரு. எல்லாத்துக்கும் நீங்களே முந்திக்கினு வரணுமா?

மின்ட் தெரு:
எதுக்கு இந்த 5, 5-ன்னு? குரோமேட்டிக் (பட்டன் வெச்ச மவுத் ஆர்கன்) வாங்குங்க. 12 ஓட்டை, 48 ரீடு. க3 ஊதிக்கிட்டே பட்டனை அமுக்கினா ம1. விட்டா க3. ஒரே மூச்சு.

காசிமேட்டுக் காத்து:
அதுக்குப் பேர் கமகம் இல்ல, காலிங் பெல்.

மின்ட் தெரு:
ஜாஸ் மேதை டூட்ஸ் தீலமன்ஸ் குரோமேட்டிக்ல வாசிச்சதும் காலிங் பெல்லா?

காசிமேட்டுக் காத்து:
அவுரு சங்கராபரணம் வாசிச்சாரா? எங்காளு ஹோவர்ட் லீவி பட்டனே இல்லாத 10 ஓட்டையில 12 சுரமும் வாசிக்கிறாரு.

பெரம்பூர் லோகோ:
வாசிக்கறார், ஓவர்ப்ளோல (ஊதற விதத்தை மாத்தி மேல் சுரத்தை எழுப்பறது). 4-ல க2, 5-ல ம2, 6-ல நி2. ரீடுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைச்சாத்தான் அது சுத்தமா வரும், ரொம்பக் குறைச்சா சாதாரணமா ஊதறப்பவே ரீடு அடைச்சுக்கும். ம2 வர்ற கல்யாணிக்கு 5 ஓவர்ப்ளோ உதவும். ஆனா அது மேல ஏறற வித்தை. நாம பேசறது கீழ இறங்கறதை. 5 இறங்காது.

எண்ணூர் உப்பு:
ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து. கீழ் மூடியைக் கழட்டினா இழுக்கற ரீடு வெளியவே தெரியும். 5-வது ரீடுக்கு அடியில மெல்லிசா ஒரு தகடு சொருகி, ரிவெட்டுக்கு எதிர்முனையில நீளவாக்குல லேசா சுரண்டணும். ரெண்டு மூணு சுரண்டலுக்கு ஒருதரம் ட்யூனர் பாருங்க. ம1 ஏறி ம2 ஆனதும் நிறுத்துங்க. தாண்டிட்டா ரிவெட்டுப் பக்கம் சுரண்டினா இறங்கும். குறுக்கால கீறாதீங்க, அந்தக் கீறல்லதான் வெடிக்கும். பித்தளைத் தூள் இடுக்குல நின்னா கர்ர்னு கத்தும். இப்ப 5 முழுசா அரைச் சுரம் வளையும்.

காசிமேட்டுக் காத்து:
அதான் நான் மொதல்லேந்து சொல்லிக்கினு இருக்கேன்! வளையும்.

பெரம்பூர் லோகோ:
ரீடைச் சுரண்டி வேற சுரம் ஆக்கிட்டு "வளையும்"னா, கடற்கரை ஸ்டேஷனை எண்ணூர்ல நட்டுட்டு "பக்கம்தான்"னு சொல்ற மாதிரி. இப்ப நேர் ம1 போச்சு, ஒவ்வொரு ம1-க்கும் பெண்டு பிடிச்சுக்கிட்டே நிக்கணும். அப்பவும் க3 ஊதற பக்கம்தான். 1896-லேந்து மரைன் பேண்டுங்கற 10 ஓட்டை மாடல் வருது, 5 அன்னிக்கும் இறங்கலை.

கொருக்குப்பேட்டைக் கொக்கி:
மரைன் பேண்டைக் குழாய்த் தண்ணியில கழுவலாமா?

எண்ணூர் உப்பு:
தாராளமா. உப்புக் காத்துல ரீடு பச்சைக் களிம்பு பிடிக்குது, கழுவாம என்ன செய்ய?

பெரம்பூர் லோகோ:
கெடுத்தீங்க. அதோட நடுக்கட்டை மரம். ஊறினா பல்லு பல்லா முன்னால துருத்தி உதட்டை அறுக்கும். கழுவறதுன்னா ஸ்பெஷல் 20 மாடல், அது பிளாஸ்டிக் கட்டை. மத்ததை ஓட்டை கீழ பாக்கறாப்ல உள்ளங்கையில தட்டி, எச்சில் காஞ்சப்புறம் டப்பாவுல வைங்க.

எண்ணூர் உப்பு:
தண்ணி ஊறாம பூசி சீல் வெச்ச மரக் கட்டைக்கு ஒண்ணும் ஆகாது. தெரியாம பேசாதீங்க லோகோ.

பெரம்பூர் லோகோ:
சீலா? எந்த மாடல்? அதைத் தனியா வாங்க, பேசிக்கலாம்.

காசிமேட்டுக் காத்து:
கட்டையைப் பத்திப் பேசி நழுவாதீங்கோ லோகோ. முள்ளு எறங்குச்சா இல்லியா?

பெரம்பூர் லோகோ:
அரைச் சுரம் இறங்கலை.

காசிமேட்டுக் காத்து:
எறங்குச்சா இல்லியா?