பிளஸ் டூ கணக்குல 94, காலேஜ்ல ரெண்டு தடவையும் அரியர். அந்த 94 எதைச் சொல்லுச்சு?

கணபதி லேத்காரர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோவை கணபதியில ரெண்டு லேத் போட்டுப் பட்டறை நடத்தறேன். பத்தாவதோட நின்னவன். எம் பொண்ணு 2024ல பிளஸ் டூ முடிச்சா. கணக்கு 94, பிசிக்ஸ் 91, கெமிஸ்ட்ரி 89, கட்-ஆஃப் 200க்கு 184. கவுன்சிலிங்ல இன்ஜினியரிங் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) கெடச்சுது. முதல் செமஸ்டர் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' பேப்பர்ல 'யு' வந்துச்சு, அதாவது ஃபெயிலுங்க. ஏப்ரல்-மேல திருப்பி எழுதுனா, மறுபடியும் 'யு'.

அவளைத் திட்டறதுக்காகக் கேக்கலைங்க. ராத்திரி பன்னெண்டு வரைக்கும் உக்காந்து படிச்சதை நானே பாத்தவன். போன ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வந்தா. ஷீட் மாத்தறதுக்காகச் செவுத்துல ஏணி சாத்தியிருந்தேன். அதைப் பாத்து, "அப்பா, இது பிளஸ் டூ கணக்கு"ன்னு சிரிச்சா. 17 மீட்டர் ஏணி, அடியை வினாடிக்கு 5 மீட்டர் வேகத்துல இழுக்கறாங்க, அடி செவுத்துல இருந்து 8 மீட்டர்ல இருக்கறப்ப மேல்முனை எவ்வளவு வேகமா எறங்கும்? சாக்பீஸ் எடுத்துத் தரையிலயே மடமடன்னு போட்டா. வினாடிக்கு 8/3 மீட்டர். எனக்குப் பெருமையாப் போச்சு.

எங்கிட்ட வேலை செய்யற டிப்ளமோ பையன் சும்மா இருக்காம, "ஏணி 13, தூரம் 5, வேகம் 2ன்னு வச்சுப் போடுங்க"ன்னான். சாக்பீஸை உருட்டிட்டே இருந்தா. அப்பறம் சின்னக் குரல்ல, "அதுக்கும் 8/3 தானே வரும்?"னா.

பட்டறைக்கு ஐடிஐ சர்டிபிகேட்டோட பசங்க வருவாங்க. வெர்னியரைக் கையில குடுத்து ஒரு புஷ்ஷை அளக்கச் சொல்லுவேன், அஞ்சு நிமிசத்துல ஆள் தெரிஞ்சுரும். இந்த 94 எதை அளந்து போட்ட மார்க்குங்க?

பழைய பேட்ச்:

இன்ஜினியரிங் சேர இருந்த என்ட்ரன்ஸ் பரீட்சையை எடுத்ததுதான் காரணம். 1984ல கொண்டு வந்தாங்க, 2006ல சட்டம் போட்டு ஒழிச்சாங்க. அது இருந்தப்போ ஊதின மார்க்கெல்லாம் அங்கேயே வெளுத்துடும்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:

ஐயா, மேல்நிலை வகுப்புக்கு 31 வருஷம் கணக்கு நடத்தியவன். நீங்கள் சொல்லும் விஷயத்தில் என் கையும் உண்டு.

தாளைப் பிரித்துப் பாருங்கள். நூற்றில் 10 அகமதிப்பீடு. அது பெரும்பாலும் எல்லாப் பிள்ளைக்கும் முழுசாகவே போய்ச் சேரும். மீதி 90. அதில் ஒரு மார்க் இருபது. பாடத்தின் பின்பக்கக் கேள்விகளும், ஒரு மார்க் கேள்வித் தொகுப்பான 'கம் புக்'கும் கரைத்துக் குடித்தால் பெரும்பாலும் கையில் வந்துவிடும். பிறகு ரெண்டு மார்க் ஏழு, மூணு மார்க் ஏழு, அஞ்சு மார்க் ஏழு. இதில் 30ஆவதும் 40ஆவதும் கட்டாய வினா. புத்தகத்தில் இல்லாத கணக்கு என்று பிள்ளைகள் பயப்படுவது அந்த ரெண்டுக்குத்தான். 30க்கு ரெண்டு மார்க், 40க்கு மூணு, ஆக அஞ்சு. அதாவது, புத்தகத்தை மூணு தடவை போட்டுப் பார்த்த பிள்ளை, புதுக் கணக்கு ஒன்றைக்கூடத் தொடாமல் 95 வரைக்கும் போகலாம்.

ஏணிக் கணக்கை நானும் அப்படித்தான் நடத்தினேன். படம் போடு, பிதாகரஸ் எழுது, வகையிடு, பிரதியிடு. நாலு வரி. "சார், எதுக்கு வகையிடறோம்?" என்று கேட்ட பிள்ளையை, "முதல்ல ஸ்டெப்பை எழுது, ஸ்டெப்புக்கு மார்க் உண்டு" என்று உட்கார வைத்திருக்கிறேன். ஜூன் மாத மீட்டிங்கில் சென்டம் எத்தனை என்றுதான் கேட்பார்கள். அந்தப் பிள்ளையின் கேள்வி அங்கே வரவே வராது.

இன்னொன்று. உங்கள் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்புப் பாடம் உண்மையிலேயே நடந்ததா என்று கேளுங்கள். எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாம் அங்கேதான் ஆரம்பம். பல பள்ளிகள் அதை ஓரம்கட்டிவிட்டு ரெண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டின. அதனால்தான் 2017-18ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மேல்படிப்புக்குப் பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்றானதும், பிளஸ் ஒன்னில் பாஸ் ஆனால் சரி என்று ஆகிவிட்டது. 2025-26ல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். காலேஜிலோ முதல் நாளே பதினொன்று தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்கள்.

பழைய பேட்ச் நண்பருக்கு: என்ட்ரன்ஸ் இருந்தபோது இதே மனப்பாடம் கோச்சிங் சென்டரில் நடந்தது. காசு இருந்தவனுக்கு மட்டும்.

94 பொய் இல்லை ஐயா. சொன்னதைத் தினமும் உட்கார்ந்து படிப்பாள், மூணு மணி நேரம் பதறாமல் எழுதுவாள். அதைச் சொல்கிறது, அது சின்ன விஷயமும் இல்லை. முன்னே பின்னே பார்க்காத கணக்கைப் பார்த்தால் என்ன செய்வாள் என்பதை அது சொல்லாது. விடைத்தாள் நகல் வாங்கியிருந்தால் 30ஐயும் 40ஐயும் எடுத்துப் பாருங்கள். (அந்தப் பையன் கேட்டதற்கு விடை 5/6.)

தேர்ட் இயர் மெக்கானிக்கல்:

சார், எனக்கு நேர் எதிர். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், அரசுப் பள்ளிப் பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வந்தேன். பிளஸ் டூ கணக்குல 71தான். முதல் ரெண்டு மாசம் போர்டுல 'டிடர்மினன்ட்', 'டிடர்மினன்ட்'னு எழுதிட்டே போனாங்க, நான் முழிச்சேன். ஒரு நாள் ஹாஸ்டல்ல சீனியர் அண்ணன், "டேய், அது அணிக்கோவைடா"ன்னாரு. அடச்சே, இதைத்தான் நாலு மாசம் போட்டோமேன்னு இருந்துச்சு. முதல் செமஸ்டர்ல எனக்கும் 'யு'. அடுத்த தடவையே கிளியர் பண்ணிட்டேன். எங்க வாத்தியார் பிளஸ் ஒன்னை ஒழுங்கா நடத்தினவரு, ஒரே கணக்கை நம்பர் மாத்தி மாத்திக் குடுப்பாரு. அதனால எங்க கிளாஸ்ல சென்டமே கிடையாது, ஊர்ல அவருக்குக் கெட்ட பேரு.

கணபதி லேத்காரர்:

வாத்தியார் ஐயா, நகல் அவ போன்லயே இருந்துச்சுங்க. 30க்கு நம்பர் மட்டும் போட்டு எடம் விட்டிருக்கா. 40ல ரெண்டு வரி எழுதி, குறுக்கால கோடு போட்டு அடிச்சிருக்கா. ஒரு மார்க்குல ஒண்ணு தப்பு. மொத்தம் ஆறு போச்சு, கணக்கு சரியா நிக்குது.

பிளஸ் ஒன் புக்கைக் கேட்டேன். பரண்ல இருந்து எறக்குனா. ரெண்டாம் தொகுதி அட்டைகூட மடங்கலை, கடையில இருந்து வந்த மாதிரியே இருக்கு. "அதை நடத்தவே இல்லப்பா, போன வருசம் கேள்வித்தாளைத்தான் போட்டோம்"ங்கறா.

இப்ப டிப்ளமோ பையன் சாயங்காலம் ஒரு மணி நேரம் சொல்லிக் குடுக்கறான். 13 மீட்டர் ஏணிக்கு நேத்து 5/6 வந்துருச்சுங்க. அடுத்த அரியர் பேப்பர் நவம்பர்-டிசம்பர்ல. பிளஸ் ஒன்ல ஏழாம் பாடம் அணியில இருந்து புடிக்கறதா, நேரா ஒம்பதாம் பாடம் எல்லைக்குப் போறதா? நாள் ரொம்ப இல்லீங்க.