கோயிலை விட்டாச்சு, இனி அளவையியல் படிக்கலாமோ?

உப்புவெளியான்:
கடவுள் நம்பிக்கை போயிட்டுது. வீட்டில சண்டை ஒண்டும் இல்லை. அம்மாவைக் கோணேசர் கோயிலுக்கு ஏத்திக்கொண்டு போய், வெளியில நிண்டு கடலைப் பாத்திட்டு வருவன். பிரச்சினை வேற. முந்தி எதுக்கும் "பெரியாக்கள் சொன்னவை" எண்டு முடிச்சிடுவன். இப்ப எதை வச்சு முடிவெடுக்கிறது? உயர்தர 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' எண்ட தர்க்கப் பாடத்தைத் தனியாப் படிக்க யோசிக்கிறன். ஆரும் படிச்சனீங்களோ?

தர்க்கப்பித்தன்:
படியுங்கோ. முதல் பாடத்தைத் திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணத்தடியிலயே வச்சுக்கொள்ளலாம். "இராவணன் தாயின்ர கிரியைக்கு வாளால குத்தியிருந்தால் வெந்நீர் வரும். வெந்நீர் வருது. ஆகவே குத்தினான்." இதுக்குப் பேர் பின்னெடையை விதித்தல், அதாவது "இது எண்டால் அது" எண்டதில 'அது' இருக்கிறதை வச்சு 'இது'வும் உண்மை எண்டு முடிக்கிறது. சுத்தமான போலி, பிழையான வாதம். ஏழு கிணறும் ஒரே வரியில காலி.

நிலாவெளி அக்கா:
பொறுங்கோ தம்பி. "நிலத்துக்குக் கீழ வெப்பம் இருந்தால் வெந்நீர் வரும். வெந்நீர் வருது. ஆகவே கீழ வெப்பம் இருக்கு." இதுவும் அதே வடிவம்தான். இதையும் காலி எண்டுவீங்களோ?

வடிவத்தை மட்டும் பாத்து இந்த ரெண்டையும் பிரிக்கேலாது. மழைத்தண்ணி பாறை வெடிப்பால ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி மேல வருது எண்டால், எரிமலை இல்லாத இந்தத் தீவில வேற இடங்களிலயும் வெந்நீர் இருக்க வேணும். இருக்கு: மகாஓயா, அம்பாந்தோட்டைப் பக்கம் மகாபெலஸ்ஸ. மகாஓயாத் தண்ணி கன்னியாவை விடச் சூடு. இராவணன் கதை அந்த இடங்களைப் பற்றி வாயே திறக்காது. இதை நிறுக்க நிகழ்தகவு வேணும், சான்றைப் பாத்து ஒரு கருத்தை எவ்வளவு நம்பலாம் எண்டு கணக்கிடுற பேய்சின் தேற்றம் வேணும். அளவையியல் பிறகு.

தர்க்கப்பித்தன்:
நிகழ்தகவுக்கு அடியிலயும் அளவையியல்தானே அக்கா?

நிலாவெளி அக்கா:
அடியில இருக்கலாம். ஆக்கள் அதால யோசிக்கப் பழகினமோ? 1966இல பீற்றர் வேசன் எண்ட உளவியலாளர் ஒரு அட்டைச் சோதனை வச்சார். ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு பக்கம் எழுத்து, மற்றப் பக்கம் எண். எங்கட எழுத்தில சொன்னால் நாலு அட்டை: அ, க, 4, 7. "ஒரு பக்கம் உயிரெழுத்து எண்டால் மற்றப் பக்கம் இரட்டை எண்" எண்ட விதியைச் சோதிக்க எதெதைத் திருப்ப வேணும்? அ, 7. கனபேர் 4ஐத் திருப்பினவை, நீங்கள் சொன்ன அதே போலி. 1986இல செங், ஹோலியோக் எண்ட உளவியலாளர் ஆக்கள் பாத்தபோது, ஒரு பருவம் முழுக்க அளவையியல் படிச்ச பல்கலைக்கழக மாணவரும் இதில திருந்தினது சொற்பம்.

வில்லூன்றி அடியான்:
தர்க்கம் படிக்கக் கோயிலை ஏன் விட வேணும்? 13ஆம் நூற்றாண்டில அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் எண்ட சைவ சித்தாந்த நூலை அளவையில, அதாவது அறியிற வழிகளில, இருந்துதான் தொடங்கிறார். காண்டல் (நேரில பாக்கிறது), கருதல் (அனுமானிக்கிறது), உரை (நம்பத்தக்கவை சொன்னது).

தர்க்கப்பித்தன்:
முதல் ரெண்டும் சரி ஐயா. மூண்டாவதுதான் சிக்கல். ஆகமம் சொல்லிட்டுது எண்டால் பிறகு கேள்வி ஏது?

வில்லூன்றி அடியான்:
மகாஓயாத் தண்ணி கூடச் சூடெண்டு நீர் வெப்பமானி வச்சுப் பாத்தனீரோ? புவியியலாளர் சொன்னார், நம்பினீர். அதுவும் உரைதான்.

நிலாவெளி அக்கா:
நல்ல கேள்வி ஐயா. ஆற்றையும் சொல்லை நம்பாமல் ஒருத்தருக்கும் ஒரு நாளும் போகாது. ஆனால் நீங்கள் வெப்பமானியோட மகாஓயாவுக்குப் பஸ் ஏறலாம். பிழை எண்டு கண்டால் அந்தாள் எழுதினதை மாத்த வேணும். ஆகமத்தில எந்த வரியை அப்பிடி மாத்தலாம்?

வில்லூன்றி அடியான்:
முத்திக்கு வெப்பமானி தேடுற ஆக்களோட என்னத்தைக் கதைக்க. ஆடி அமாவாசைக்கு கன்னியாவில தகப்பனுக்குக் கடன் கழிக்கிறவன் இராவணனை நிரூபிக்க வாறேல்லை.

உப்புவெளியான்:
ஐயா சொல்றது எனக்குப் படுது. அப்பாவுக்கு நானும் அங்க எள்ளுந்தண்ணியும் இறைச்சனான், நம்பாமலே. அதில வாதமே இல்லை, பிறகெங்க போலி? ஆனால் காணி வாங்கிறது, மருந்து எடுக்கிறதுக்கெல்லாம் வாதம் வேணுமே. அக்கா, நான் சாதாரண தரக் கணிதத்தோட நிண்ட ஆள். நிகழ்தகவு ஏறுமோ?

நிலாவெளி அக்கா:
மர வரிப்படம் கீறினனீங்கள்தானே, அது காணும். மருந்து எண்டபடியால் ஒரு கணக்கு: 1000 பேரில 10 பேருக்கு நோய். சோதனை அதில 9 பேரைப் பிடிக்குது. நோயில்லாத 990 பேரில 99 பேருக்கும் பிழையா 'இருக்கு' எண்டு காட்டுது. 'இருக்கு' எண்டு வந்த 108 பேரில உண்மையான நோயாளி 9 பேர்தான். எண்களை மாத்தி மாத்திக் கீறிப் பாருங்கோ.

தர்க்கப்பித்தன்:
108இல 9 எண்டு வந்ததும் ஒரு வாய்ப்பான வாதத்தாலதான் (எடுகூற்று உண்மை எண்டால் முடிவும் கட்டாயம் உண்மையாகிற வாதம்), சொல்லிப்போட்டன். உப்புவெளியான், பழைய வினாத்தாள் வேணுமெண்டால் என்னட்ட இருக்கு.