பழைய ஜாய்ஸ்டிக் செட்டிங்ஸ் புது கம்ப்யூட்டருக்கு வருமா?

வணக்கம் நண்பர்களே, கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். விண்டோஸ் 7 கம்ப்யூட்டரை மாற்றி விண்டோஸ் 11 வாங்கியிருக்கிறேன். எஃப்எஸ்எக்ஸில் (மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ், விமானம் ஓட்டும் கேம்) ஜாய்ஸ்டிக், ரடர் பெடல் (காலால் மிதித்து விமானத்தைத் திருப்பும் கருவி) இரண்டையும் பட்டன் பட்டனாகப் பார்த்துப் பார்த்து அமைத்தது. ஓசூர் ரன்வேயில் இறங்கும்போது ஃபிளாப்ஸும் டிரிம்மும் பார்க்காமலே கைக்கு வரும். அதை விட மனசே வரவில்லை.

ஆப்டேட்டா ரோமிங்கில், எஃப்எஸ்எக்ஸ் கன்ட்ரோல்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ஸ்டாண்டர்டு எக்ஸ்எம்எல் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துவிட்டேன். திறந்து பார்த்தால் ஒவ்வொரு கருவியின் பெயருக்குப் பக்கத்திலும் நீளமாக ஒரு ஜியூஐடி (கருவியை அடையாளம் காட்டும் எண்). புது கம்ப்யூட்டரில் அது மாறிவிடுமாமே? அங்கே புதிதாக உருவாகும் ஃபைலிலிருந்து அந்த எண்ணை எடுத்துப் பழையதில் ஒட்டினால் போதுமா? சென்சிடிவிட்டி, நல் ஸோன் (ஸ்டிக்கை லேசாக அசைத்தாலும் விளைவு வராத நடுப்பகுதி) எல்லாம் கூடவே வருமா?

செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி பழைய கம்ப்யூட்டரைத் தர்மபுரிக்கு எடுத்துப் போகிறான். வேறு ஏதாவது ஃபைல் எடுக்க வேண்டுமென்றால் அதற்குள் எடுத்துக்கொள்வேன்.