கஞ்சா பட்டர் – வாங்குவதா, காய்ச்சுவதா? (ஒன்ராறியோ)

நெய்ச்சட்டி:
கடைப் பட்டரில் காசைக் கரைக்காதீர்கள். 2019 அக்டோபர் 17இல் கனடாவில் கஞ்சாத் தின்பண்டங்களை அனுமதித்தபோதே, ஒரு பொதியில் 10 மி.கி. டிஎச்சிக்கு (கஞ்சாவில் போதை தரும் பொருள்) மேல் கூடாது என்று கட்டிவிட்டார்கள். பட்டருக்கும் அதே கதைதான். அதை வைத்து 12 குக்கி சுட்டால் ஒன்றில் 1 மி.கி. கூடத் தேறாது. வீட்டில் செய்ய 7 கிராம் கஞ்சாப் பூ, 225 கிராம் உப்பில்லாப் பட்டர், ஒரு கப் தண்ணீர் போதும். பூவை உதிர்த்து, மூடிய தட்டில் 115 பாகை செல்சியஸ் ஓவனில் 40 நிமிடம் வையுங்கள். பிறகு பட்டர், தண்ணீரோடு சேர்த்து, கொதி வராத சூட்டில் 2–3 மணி நேரம். துணியில் வடித்துக் குளிரவிட்டால் பட்டர் மேலே கட்டியாகும். பச்சைக் கசப்பில் கொஞ்சம் தண்ணீரோடு போய்விடும். துணியை மட்டும் முறுக்கிப் பிழியாதீர்கள், கசப்பு திரும்ப இறங்கும்.

மில்லிகிராம்:
எல்லாம் சொன்னீர்கள் அண்ணை, கணக்கைத் தவிர. பூப் பொதியின் லேபிளில் இரண்டு எண் இருக்கலாம்: கிராமுக்கு ‘டிஎச்சி 8 மி.கி.’, ‘மொத்த டிஎச்சி 180 மி.கி.’ என்பதுபோல. முதலாவது இப்போதே இருப்பது. இரண்டாவது சூடுபட்டால் ஆகக்கூடியது. 8ஐப் பார்த்துக் கணக்குப் போடுபவர் ஒரு தேக்கரண்டி பட்டரில் 1.4 மி.கி. என்று நினைப்பார். உண்மையில் 7 கிராமில் 1,260 மி.கி. அதில் 40% இறங்கினாலும், வடித்த பின் மிஞ்சும் சுமார் 200 கிராம் பட்டரில் 5 கிராம் தேக்கரண்டிக்கு 12.6 மி.கி. வரும். 80% இறங்கினால் 25. எது இறங்கியது என்று உங்கள் துணிக்குத் தெரியுமா?

நெய்ச்சட்டி:
அது அளவில் பிழை, முறையில் இல்லை. 7 கிராமுக்குப் பதில் 1 கிராம் போடுங்கள். முழுக்க இறங்கியதாகவே வைத்தாலும் 180 மி.கி.; தேக்கரண்டிக்கு 4.5ஐத் தாண்டாது. உச்சத்தைக் கட்டிவிட்டால் பயம் எதற்கு?

மில்லிகிராம்:
சரி, அந்தக் கணக்குக்கு மறுப்பில்லை. ஆனால் ஓவன் முள்ளை நம்பாதீர்கள். 115 என்று திருப்பினால் உள்ளே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பார்க்கவேண்டும். சூடு குறைந்தால் பச்சைப் பூவில் இருக்கும் அமில வடிவம் டிஎச்சியாக மாறாமல் அப்படியே கிடக்கும், மிஞ்சினால் டிஎச்சியே சிதையும். இன்னொன்று, தின்றது ஏற 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் ஆகும். உச்சம் 4 மணி நேரம் வரை தள்ளிப்போகும். “ஒன்றும் செய்யவில்லையே” என்று இரண்டாவது துண்டை எடுப்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

அடுப்படி:
தம்பிமாரே, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கு. கடையில் கஞ்சா எண்ணெய் விற்கிறது. அது தின்பண்டக் கணக்கில் வராது, 10 மி.கி. கட்டுப்பாடு அந்தப் போத்தலுக்கு இல்லை. மில்லிலீட்டருக்கு எத்தனை என்று லேபிளில் இருக்கும், பெரும்பாலும் ஏற்கெனவே சூடாக்கியது. மில்லிலீட்டருக்கு 25 மி.கி. உள்ள எண்ணெயில் 2 மி.லீ. எடுத்து, உருக்கி இறக்கிய 100 கிராம் பட்டரில் கலக்குங்கோ. 5 கிராமுக்கு 2.5 மி.கி., பழக்கமில்லாதவருக்கு அது காணும். மாவில் சேர்க்கேக்க சீனியோடு நல்லா அடிச்சுப் பிறகு மா போடுங்கோ. கடைசியில் ஊத்தினால் ஒரு குக்கியில் கூட, இன்னொன்றில் ஒன்றுமில்லை. ஓவன் 175இல் இருந்தாலும் குக்கியின் நடு 100ஐச் சுற்றித்தான் நிற்கும், பாதகமில்லை. தாளிக்க மட்டும் வேண்டாம்: பட்டரில் இருக்கும் பால் கசடு கருகும், டிஎச்சியும் வீணாகும்.

வழிப்போக்கன்:
சென்னைக்குப் போகும்போது ஒரு டப்பா கொண்டுபோகலாமா?

மில்லிகிராம்:
கூடாது. கனடாவிலிருந்து வெளியே எடுத்துச் செல்வதே குற்றம். இறங்கும் இடத்தில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் காத்திருக்கும்.

நெய்ச்சட்டி:
அக்கா சொல்வது ஒழுங்கான வழிதான். ஆனாலும் எண்ணெய் கலந்த பட்டரில் பூவின் மணம் வராது.

அடுப்படி:
மணத்துக்கு ஏலக்காய் போடுங்கோ. பிள்ளைகள் உள்ள வீட்டில் டப்பாவைப் பூட்டி வையுங்கோ. கடைப் பொதியிலாவது சிவப்பு எண்கோண முத்திரை இருக்கு, உங்கட டப்பாவில் என்ன இருக்கு?